தண்ணீர் மட்டும் இருந்த குழாய்

“அம்மா, எல்லாத்துலயும் சிப்பி போட்டே. இந்த ஒண்ணுல மட்டும் கைக்கு சாதா தண்ணி?”

‘ஏன்’ என்பதற்கு ஊர் உருதுவில் ‘கைக்கு’ என்று சொல்லி சாஹித்யா இதைக் கேட்டது ஒரு பந்த் நாளில். தனித் தெலங்கானா கேட்டு ஹைதராபாத்தே கொதித்துக்கொண்டிருந்த குளிர்காலம் அது. பள்ளிக்கூடம் மூடியிருந்தது. உமேஷ் விடிந்ததும் விடியாததுமாக, தெருவில் டயர் எரியத் தொடங்குமுன், மனைவியையும் மகளையும் ஸ்கூட்டரில் ஏற்றி குஷாய்குடாவிலிருந்து தார்நாகாவுக்குக் கொண்டுவந்து ஆய்வுக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். வேதா வரிசையாகச் சின்னச் சின்னக் குழாய்களில் மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். மகள் உயரமான முக்காலியில் கால்களை ஆட்டிக்கொண்டு அதைப் பார்த்திருந்தாள்.

“அது சாட்சிடி கண்ணா,” என்றாள் வேதா. “சிப்பி போடாத குழாய்ல ஒண்ணுமே தெரியக் கூடாது. தெரிஞ்சுதுன்னா அம்மா எங்கேயோ தப்பு பண்ணிட்டேன்னு அர்த்தம்.”

“அப்போ அது உன்னை மாட்டி விடுமா?”

“ஹவ்.”

‘ஆமாம்’ என்பதை அம்மாவும் தன் பாஷையிலேயே சொன்னதில் குழந்தைக்கு ஒரே சிரிப்பு. “எங்க கிளாஸ்ல ஒருத்தி இருக்கா. யாராவது பேசினா டீச்சர்கிட்ட போட்டுக் கொடுப்பா. இது அந்தப் பொண்ணு மாதிரி.”

“அவளை உங்களுக்கெல்லாம் பிடிக்காதோ?”

“நக்கோ பாபா, வேண்டவே வேண்டாம்,” என்று சாஹித்யா முகத்தைச் சுளித்தாள்.

கடலே இல்லாத ஊரில் கடல் சிப்பிக்கு என்ன வேலை என்று உறவுக்காரர்கள் வேதாவைக் கேலி செய்வதுண்டு. அவள் பொறுமையாக விளக்குவாள். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பமானாலும், வாயைத் திறந்தால் பூர்வீகம் தஞ்சாவூரா திருநெல்வேலியா என்று தெரிந்துவிடுகிறது அல்லவா? சிப்பியின் உடம்புக்குள்ளும் அப்படி ஒரு பேச்சு எழுதியிருக்கிறது. அந்த மரபணு எழுத்தைப் படித்துவிட்டால், புதுக் கரையில் வந்து ஒட்டிக்கொண்ட சிப்பி எந்தத் துறைமுகத்து வம்சம் என்று சொல்லிவிடலாம்.

அப்போது அவள் கையில் இருந்தது நகத்தளவே உள்ள ஒரு கறுப்பு வரிச் சிப்பி. நம் கடலுக்குச் சொந்தமில்லாதது. படகின் அடியில், சங்கிலியில், குழாய் வாயில், எங்கே இடம் கிடைத்தாலும் கொத்துக்கொத்தாக அப்பிக்கொண்டு, அங்கிருந்த உயிர்களையெல்லாம் மூச்சுமுட்ட வைத்துவிடும். கிருஷ்ணா ஜில்லாவில், ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த ஒரு சின்ன மீன்பிடித் துறையில் அது திடீரென்று பெருகிவிட்டது. எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க அரசாங்கம் ஒரு கமிட்டி போட்டது.

சந்தேகம் இரண்டின் மேல். வெளிநாட்டுக் கடல்களைச் சுற்றிவிட்டு, துறையை ஆழப்படுத்த வந்த தூர்வாரும் கப்பல் ஒன்று. சூசைராஜ் என்பவரின் மரப்படகு ஒன்று. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து அங்கேயே குடியேறியவர் சூசைராஜ். வடக்கே ஒரு பெரிய துறைமுகத்தில் பழைய படகு ஒன்றை வாங்கி, கடல் வழியாகவே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெரிய துறைமுகத்தில் இந்தச் சிப்பி வெகுகாலமாகவே உண்டு.

கப்பலா, படகா? அதைத்தான் வேதா சொல்ல வேண்டும்.

சிப்பி சேகரிக்க அவள் அந்தத் துறைக்குப் போனபோது உதவிக்கு வந்தவர் சூசைராஜ்தான். தன் மேல் சந்தேகம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். “பாத்துச் சொல்லுங்க தாயி, என் படகு கொண்டாந்திருந்தா அதையும் தெரிஞ்சுக்கிடணும்லா,” என்று சொல்லிக்கொண்டே, படகின் அடியில் ஒட்டியிருந்ததை அவரே சுரண்டிக் கொடுத்தார். படித்துறைப் படிகளை சிப்பி முழுக்க மூடியிருந்தது. ஒவ்வொன்றும் பிளேடு முனை. நடுப்படியில் வேதாவின் செருப்பு அறுந்துபோயிற்று. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி அவள் நின்றதைப் பார்த்து, சூசைராஜ் தன் ரப்பர் செருப்பைக் கழற்றி அவள் முன் வைத்தார்.

“நீங்க?”

“எனக்கென்ன, கடல்ல வெந்த காலு,” என்று சிரித்தார். மேலே ஏறியபோது அவர் உள்ளங்காலிலிருந்து ரத்தம் சொட்டியது. அதை மணலில் தேய்த்துவிட்டு, சிப்பிப் பெட்டியை ஜீப்பில் ஏற்றினார்.

அவசரத்தில் வேதா அந்தச் செருப்போடேயே ஜீப்பில் ஏறிவிட்டாள். ஹைதராபாத் வந்த பிறகுதான் நினைவு வந்தது. போன் செய்தபோது, “அது கெடக்கட்டும் தாயி, தேஞ்ச செருப்பு,” என்றுவிட்டார். ஆய்வுக்கூடத்துக்குள் வெளிச்செருப்பு கூடாது. ஒவ்வொருவரும் உள்ளே போட்டுக்கொள்ளத் தனியாக ஒரு ஜோடி வைத்திருப்பார்கள். வேதா அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, தன் உள்செருப்பாக வைத்துக்கொண்டாள். கொஞ்சம் பெரிது. ஆனால் வசதியாக இருந்தது.

பந்த் மேல் பந்தாக வந்து நாட்களைத் தின்றுவிட்டது. வரும் வழியில் மறியலில் ஜீப் நின்று, சிப்பிகள் வெயிலில் கிடந்து கெட்டுப்போயிருந்தன. அவற்றிலிருந்து எடுத்த மரபணு மிகக் கொஞ்சம்தான். ஒப்பிட்டுப் பார்க்க வரவழைத்த வடக்குத் துறைமுகத்துச் சிப்பிகளையும் அதே மேஜையில், அதே நாளில்தான் அரைத்தாள். நேரமில்லை. அறிக்கைக்காக அவளுடைய மேலதிகாரி டாக்டர் ஜம்புநாதன் வாசலில் வந்து வந்து நின்று போனார்.

சோதனை முடிந்து, குழாய்க்கு ஒரு தடமாக ஓட்டிய கூழ்த் தகட்டின் மேல் ஊதா விளக்கைப் போட்டபோது ஒவ்வொரு தடத்திலும் பளிச்சென்று ஒரு கோடு. எல்லாம் சரி. கடைசித் தடத்தில், தண்ணீர் மட்டும் இருந்த குழாயின் தடத்தில், கோடு இருக்கக் கூடாது. அங்கேயும் ஒரு கீற்று இருந்தது. மங்கலாக, கண்ணாடியில் மூச்சுவிட்ட மாதிரி.

வேதா அதைப் பார்த்தாள். பார்த்தது அவளுக்கே தெரியும். திரும்பச் செய்ய வேண்டும், புதுச் சிப்பி வேண்டும், அதற்குள் கமிட்டியின் தவணை போய்விடும். எழுத்துகளைப் படித்தபோது, கழிமுகத்துச் சிப்பியும் வடக்குத் துறைமுகத்துச் சிப்பியும் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தன. எல்லோரும் எதிர்பார்த்த விடைதான். ஒரு மங்கல் கீற்றுக்காக இதைக் கலைக்க வேண்டுமா என்று மனது கேட்டது. கணினியில் அந்தத் தகட்டின் படத்தில் வலது ஓரத்தைக் கொஞ்சம் நறுக்கினாள். தண்ணீர்த் தடம் போயிற்று. படம் அழகாக இருந்தது.

மனிதர்கள் பெரிய பாவங்களுக்குத்தான் பயப்படுகிறார்கள். ஓரத்தை நறுக்குவதற்கு யாரும் பயப்படுவதில்லை.

அறிக்கை போனது. மறுவாரமே சூசைராஜின் படகைக் கரையேற்றச் சொல்லி உத்தரவு வந்தது. கமிட்டி கூடி முடிவெடுத்ததும் உடைத்துவிடுவதாக ஏற்பாடு. படகு மணலில் வெயிலில் கிடந்தது. நல்ல மீன் வரத்து இருந்த காலம்.

ஒரு நாள் மத்தியானம் அவரே போன் செய்தார்.

“டாக்டரம்மா, சோமா இருக்கீயளா? பாப்பா சோமா இருக்கா?”

“இருக்கோம். சொல்லுங்கோ.”

“ஒண்ணுமில்ல. வீட்ல இவ உங்கள ஏசுதா. நான் சொன்னேன், படிச்சவங்க, தப்பாச் சொல்ல மாட்டாங்க, நம்ம படகுலதான் வந்திருக்கும்னு. ஊர்ல அத்தன பேரு வலயும் கிழிஞ்சு கெடக்கு, பாத்துக்கிடுங்க. என்னாலதானோன்னு மனசு கெடந்து அடிக்கி. உங்க சோதனயில தப்பு வராதுல்லா? அத உங்க வாயால கேட்டுட்டா நான் தேத்திக்கிடுவேன்.”

சண்டை போட அவர் கூப்பிடவில்லை. ஊருக்கே கெடுதல் செய்துவிட்டோம் என்ற பாரத்தை ஏற்றுக்கொள்ள அவளிடம் ஒரு வார்த்தை கேட்டார். வேதா காலைப் பார்த்தாள். காலில் அவருடைய செருப்பு.

“வராது,” என்றாள்.

“அப்ப சரி தாயி. வச்சிடுதேன்.”

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவளுக்கு தர்கா இருக்கும் மௌலா அலிக் குன்றின் மேல் கண் போகவில்லை. தினமும் அந்தக் குன்றைக் கண்டதும் யார் சாமியாக இருந்தால் என்ன என்று மனதுக்குள் ஒரு கும்பிடு போடுவாள். அன்று அதுவும் இல்லை. வீட்டில் விளக்கேற்றிவிட்டு நின்றாள். பதினைந்து வருஷமாகச் சொல்லும் சுலோகம் நாக்கில் பாதியில் நின்றுவிட்டது.

சாஹித்யா ஹோம்வொர்க்கிலிருந்து நிமிர்ந்து, “க்யா ஹுவா, என்னாச்சு அம்மா?” என்றாள். “பேச்சே இல்லை. உன் கிளாஸ்லயும் யாராவது போட்டுக் கொடுத்துட்டாளா?”

குழந்தை வேடிக்கைக்குத்தான் கேட்டது. வேதா சமையலறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். போட்டுக் கொடுக்க வந்த பெண்ணைத்தான் அவள் கத்தரித்துத் தள்ளிவிட்டாளே.

மறுநாள் சூசைராஜுக்குப் போன் செய்தாள். “புதுச் சிப்பி கொஞ்சம் வேணும். நான் அங்கே விட்டுட்டு வந்த பாட்டில்ல, அந்த ஸ்பிரிட்லயே போட்டு அனுப்ப முடியுமா?” என்று கேட்டாள். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. “எவ்வளவு வேணும்?” என்று மட்டும் கேட்டார். பஸ் பார்சலில் சிப்பி வந்தது, பாட்டில் சிந்தாமல் பழைய வலைத் துண்டில் சுற்றிக் கட்டியபடி.

இந்த முறை வேறு அறை, வேறு மேஜை, உறை பிரிக்காத புது மருந்து. வடக்குச் சிப்பியை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவரவில்லை. ஊதா விளக்கைப் போட்டதும் முதலில் கடைசித் தடத்தைத்தான் பார்த்தாள். கறுப்பு. ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. அந்த இருட்டைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது.

எழுத்துகளைப் படித்தபோது, அவை வடக்குத் துறைமுகத்து வம்சமே இல்லை என்று தெரிந்தது. கிழக்காசியாவில் ஒரு துறைமுகத்திலிருந்து நண்பர் ஒருவர் அனுப்பியிருந்த சிப்பியோடு ஒத்துப்போயிற்று. தூர்வாரும் கப்பல் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்திருந்தது. கப்பல்தான் என்று அடித்துச் சொல்ல இன்னும் சோதிக்க வேண்டும். ஆனால் படகு இல்லை என்பது நிச்சயம். முதல் தடவை கெட்டுப்போன சிப்பிக்குள் பேசியது சிப்பியே இல்லை; மேஜையிலிருந்து ஒட்டிக்கொண்ட வடக்குச் சிப்பியின் தூசி. தண்ணீர்க் குழாய் அதைத்தான் சொல்ல வந்தது.

ஜம்புநாதனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், நறுக்கிய படம் உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர். அடுத்த வருஷம் ஓய்வு.

“ஏம்மா வேதா, இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கப்படாதா?”

“வெட்கமா இருந்தது சார்.”

“இப்போ?”

“இப்பவும்தான்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “சரி, ஒண்ணு பண்ணு. புதுச் சிப்பி வந்தது, புது ரிசல்ட் வந்தது. மாதிரி ஜாஸ்தியாச்சு, முடிவு மாறித்து. அதோட நிறுத்திக்கோ. படகும் தப்பிச்சுது, நீயும் தப்பிச்சே. பழைய படத்தை யார் தோண்டப் போறா?”

 வேதாவுக்கு அந்த வழி பஞ்சுமெத்தை மாதிரி இருந்தது. படுத்துக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது.

கமிட்டி கூடிய நாள், கூட்டம் ஆய்வுக்கூடத்துச் சின்ன ஹாலிலேயே நடந்தது. சூசைராஜ் ராத்திரி ரயிலில் வந்து, ஸ்டேஷன் குழாயிலேயே குளித்துவிட்டு, மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டையோடு வராந்தாவில் நின்றிருந்தார். வேதாவைப் பார்த்ததும் பையிலிருந்து ஓலைப் பெட்டி ஒன்றை எடுத்து நீட்டினார்.

“கருப்பட்டி முட்டாய். ஊர்லேருந்து மச்சான் கொண்டாந்தான். பாப்பாக்குக் குடுங்க.”

தன் படகை உடைக்கச் சொன்னவள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மனிதர், அவள் குழந்தைக்கு மிட்டாய் கொண்டுவந்திருக்கிறார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது தலை தானாகக் குனிந்தது. அவர் காலில் இருந்த செருப்பின் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது.

கமிட்டித் தலைவர் சௌந்தரராஜன், பிரிட்டிஷ்காரன் காலத்திலிருந்தே செகந்திராபாத்தில் வேர்விட்ட குடும்பம். தமிழ், தெலுங்கு, உருது எல்லாம் அவர் வாயில் ஒரே பாத்திரத்துச் சோறு. புது அறிக்கையைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“ஏனம்மா, போன தடவை படகுன்னீங்கோ. இப்போ படகு இல்லேங்கறீங்கோ. சிப்பி கட்சி மாறிடுத்தா?”

ஹாலில் சிரிப்பு. ஜம்புநாதன் அவளைப் பார்த்தார். “மாதிரி ஜாஸ்தியாச்சு” என்ற வாக்கியம் அவள் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது.

கடைசி வரிசையில் சூசைராஜ் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷும் தெலுங்கும் கலந்த பேச்சில் பாதி அவருக்குப் புரியவில்லை. புரியாவிட்டாலும், அவள் எது சொன்னாலும் சரியாக இருக்கும் என்று தலையாட்டத் தயாராக இருந்தது அந்த முகம்.

வேதா எழுந்தாள். அவருக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னாள்.

“சிப்பி மாறலை சார். நான்தான் தப்பு. முதல் சோதனையில ஒரு குழாய்ல தண்ணி மட்டும் வெச்சிருந்தேன். அதுல கோடு வரக் கூடாது. வந்தது. சோதனை கெட்டுப்போச்சுன்னு அதுக்கு அர்த்தம். அது தெரிஞ்சே, அந்த இடத்தை மட்டும் வெட்டிட்டுப் படத்தை உங்களுக்கு அனுப்பினேன். சூசைராஜ் என்கிட்டக் கேட்டார், தப்பு வராதில்லேன்னு. வராதுன்னு சொன்னேன். அதுவும் பொய்.”

 மின்விசிறிச் சத்தம் பெரிதாகக் கேட்டது.  வேதாவுக்குத் தன் குரலே யாருடையதோ போல இருந்தது.

சௌந்தரராஜன் பேனாவை மூடினார். “படகை இறக்கச் சொல்லி இன்னிக்கே எழுதறேன். உங்களைப் பத்தியும் எழுத வேண்டியிருக்கும், அம்மா.”

“எழுதுங்கோ.”

கூட்டம் கலைந்ததும் ஜம்புநாதன் அவள் பக்கம் திரும்பாமலே வெளியே போனார். வாசல் வரை போனவர் நின்று, “அவரை அப்படியே அனுப்பிடாதே, உள்ளே கூட்டிண்டு வா, டீ குடிச்சுட்டுப் போகட்டும்,” என்றார். கோபம் தீராமலே சொன்னார். ஆனாலும் சொன்னார்.

வராந்தாவில் சூசைராஜ் அவளுக்காக நின்றிருந்தார். “பலக விரிஞ்சு போச்சு தாயி,” என்றார். “மரம் தண்ணியில கெடந்தாத்தான் மரம். வெயில்ல கெடந்தா வாயப் பொளந்துடும். பஞ்சு வச்சு அடைக்கணும். இந்த வருசத்து மீனு போனது போனதுதான்.”

“தெரியும்.”

“எம்மேல இல்லன்னு ஆச்சுல்லா, அது போதும். ராத்திரி தூங்கலாம்.” தலையைச் சொறிந்தார். “வீட்ல போயி இவகிட்ட என்னத்தச் சொல்ல? படிச்சவங்க தப்பாச் சொல்ல மாட்டாங்கன்னு அவகிட்ட அந்தச் சத்தம் போட்டேன். இனி சாவுற வரைக்கும் சொல்லிக் காட்டுவா.”

அவர் சிரித்தார். வேதாவால் சிரிக்க முடியவில்லை. அவர் திட்டியிருந்தால் அந்த இடத்தில் நின்று வாங்கிக்கொண்டிருப்பாள்.

“அந்தத் தண்ணிக் கொழாய எனக்குக் காட்டுவீயளா?” என்று கேட்டார்.

ஆய்வுக்கூட வாசலில் அவர் செருப்பைக் கழற்றி, சுவரோரமாக ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தார். பழைய படத்தை, நறுக்காத படத்தை, வேதா திரையில் காட்டினாள். அவர் குனிந்து அந்த மங்கல் கீற்றைப் பார்த்தார். “இம்புட்டுக்காணா!” என்றார். “இம்புட்டுக் கீத்துக்கா அம்புட்டுக் கனமான எம் படகு கரயேறிச்சு!” ஜம்புநாதன் டீயோடு வந்து, தனக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டு, மீன் வரத்தைப் பற்றி அவரிடம் விசாரிக்க ஆரம்பித்தார்.

வேதா மெல்ல நழுவினாள். காலையில் வரும் வழியில் ஈ.சி.ஐ.எல். கடைத்தெருவில் புதுச் செருப்பு ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா என்று நினைத்திருந்தாள். புதிது என்றால் அது பரிசாகிவிடும். பரிசு கொடுக்கும் இடத்தில் தான் இல்லை என்று வேண்டாமென்று விட்டாள். இரவல் வாங்கியதைத் திருப்பித் தரலாம். அதற்கு மட்டும் தனக்கு யோக்கியதை உண்டு.

காலில் இருந்ததைக் கழற்றி, வராந்தாக் குழாயடியில் வைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். விரல் இடுக்கையும் அடிப்பள்ளத்தையும் விடவில்லை. முந்தானையால் ஈரம் போகத் துடைத்தாள். தேய்ந்திருந்தாலும் வார் கெட்டியாக இருந்தது. ரயிலடி வரைக்கும், அங்கிருந்து படித்துறை வரைக்கும் தாங்கும்.

வராந்தாவில் யாரும் இல்லை. உள்ளே டீக்குவளைச் சத்தமும் சூசைராஜின் சிரிப்பும் கேட்டன. வேதா குனிந்து, ஊக்கு குத்தியிருந்த ஜோடியை எடுத்துக்கொண்டாள். அவர் வைத்திருந்த அதே இடத்தில், அதே மாதிரி சுவரோரமாக, அவருடைய செருப்பை வைத்தாள். பிறகு அறுந்ததையும் அதே குழாயடியில் கழுவி, தன் காலில் மாட்டிக்கொண்டு, ஊக்கு விரலில் குத்தக் குத்த, உள்ளே போனாள்.